பின்புறம் எழுதாத பெயர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் குடும்பப் படங்களுக்குச் சட்டத்தைப் பார்த்துத்தான் விலை. பர்மாத் தேக்கு என்றால் கூடும். உள்ளே இருக்கும் மனிதருக்குத் தனியாக மதிப்பில்லை. வாங்கியவர் படத்தை உருவிவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்திக்கொள்கிறார். அப்படி உருவிப் போட்ட படங்களையும், பழைய பெட்டிகளைக் காலி செய்யும்போது கட்டாக வந்து விழும் கடிதங்களையும் நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஓய்வு கிடைக்கும்போது அவற்றுக்கு உரிய வீடுகளைத் தேடுகிறேன்.

*

பழைய கடிதங்களின் நடுவில் ஓட்டை இருக்கும். படித்து முடித்ததைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார்கள். பழையது அடியில், புதியது மேலே. கொத்து கலையாமல் கையில் கிடைத்தால் அந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. ஒரு குடும்பம் தன் கையால் அடுக்கி வைத்த காலம் அது.

கொத்தில் கல்யாணம் இருக்கும், பிள்ளைப்பேறு இருக்கும், ஓரத்தில் மஞ்சள் தடவிய தாள்கள் இருக்கும். சாவு இருக்காது. துக்கச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். ஆனாலும் தெரிந்துவிடும். ‘அப்பத்தா சுகத்துக்கு எழுதவும்’ என்று கடிதம் தவறாமல் கேட்டு வந்தவர், ஏதோ ஒரு மாதத்திலிருந்து அதைக் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, பெயர் தெரியாத அந்த அப்பத்தாவை நினைத்துக்கொள்வேன்.

*

ஒரு கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் ‘சர்வஜித்து வருஷம் ஐப்பசி மாதம்’. ஆங்கிலத் தேதி இல்லை. தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அது 1887 ஆகவும் இருக்கலாம், 1947 ஆகவும் இருக்கலாம். தபால்தலையில் விக்டோரியா ராணியா, ஆறாம் ஜார்ஜா என்று பார்த்தால் தீர்ந்தது. நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. முகவரியில் இராமநாதபுரம் ஜில்லா என்று இருக்கும் பல ஊர்கள் 1985க்குப் பின் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கின்றன. தெருப் பெயர் மாறியிருந்தால் அந்தத் தெருவில் வயதான ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

*

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் படம் என்றால் தேடுவது எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம் உண்டு; படத்தின் அட்டையிலோ வெள்ளிப் பாத்திரத்திலோ அது பொறித்திருக்கும். ஒவ்வொரு குடும்பமும் இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணமானால் அந்தக் கோயிலில் புள்ளியாகக் கணக்கில் ஏறிவிடுவார்கள். விலாசத்தையும் கோயிலையும் சொன்னால், விவரம் தெரிந்த ஆச்சி ஒருவர் ஊரையும் வளவையும் சொல்லிவிடுவார்.

அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு படம். மழை ஈரத்தில் மேல்பூச்சிலிருந்த ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய படத்தைப் பிரிக்கக் கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே நகல் எடுத்து, இரண்டையும் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்த ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பச்சிக்கு மீசை இருந்துச்சா தம்பி!” என்றார். தகப்பனின் முதுமையை மட்டுமே பார்த்தவர் அந்த ஆச்சி.

கடிதங்களைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் அதிகம். முகவரிக்கு வேண்டிய அளவுதான் படிக்க வேண்டும் என்பது என் விதி. ஆனால் ரங்கூன் மொகல் தெருவிலிருந்து வந்த தாளில், விலாசம் தேடும் கண்ணிலேயே மற்றதும் பட்டுவிடுகிறது. எழுதியவருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்திருக்கும். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டபின் லட்சக்கணக்கானோர் மலைவழியே நடந்து வந்தார்கள். வர முடியாமல் போனவர்கள் கடிதத்தில் மட்டும் இருக்கிறார்கள். இத்தகைய கடிதத்தை வீட்டில் மூத்த பெண்ணின் கையில், தனியாக இருக்கும்போது கொடுக்கிறேன். வைப்பதா, கிழிப்பதா என்பது அவர் உரிமை. கிழித்தாலும் அது திரும்பி வந்து சேர்ந்த கடிதம்தான்.

*

என்னிடமே தங்கிவிட்ட படங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் ஸ்டுடியோ முத்திரை மட்டும் உள்ளவை. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப் பிரதி எடுத்தது; நல்ல பணி. ஆனால் படம் பிழைத்தாலும் பெயர் பிழைப்பதில்லை.

திருப்பிக் கொடுத்த படங்களிலும் எனக்குக் குறை உண்டு. குடும்பம் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறது. ஓரத்தில், பாதி சட்டத்துக்குள் மறைந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். குழந்தையின் பெயர் தெரிகிறது, அதன் பேரன் வரைக்கும் தெரிகிறது. அவளை யாரென்று கேட்டால், “வேலைக்கு இருந்த பிள்ளையா இருக்கும்” என்கிறார்கள். விலாசம் இல்லை, கோயில் கணக்கு இல்லை. அவளுக்கென்று அவள் வீட்டில் வேறு படம் இருந்திருக்குமா? அந்த முகத்தைத் தனியாக நகலெடுத்து வைத்திருக்கிறேன். அவள் பேத்தி இதே ஊரில் எங்காவது இருக்கலாம். படத்தைக் கொடுக்க எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

*

உங்கள் வீட்டுப் படங்களை இந்த வாரம் கீழே இறக்குங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். இப்போதைய வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. படத்தை உறையில் போட்டு, உறைமேல் எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஓரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரின் பெயரையும் கேளுங்கள்.