வானத்தில் ஒரு புள்ளி

பிலிம் இருந்தவரை ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பரப்பு வந்து நிற்கும். ஒட்டிய தூசி அந்தக் கட்டத்தோடு பெரும்பாலும் நகர்ந்து போய்விடும். என் டிஜிட்டல் கேமராவின் சென்சார் எங்கும் நகர்வதில்லை. 36 × 24 மில்லிமீட்டர் பரப்பு ஒன்றே எல்லாப் படங்களையும் வாங்கிக்கொள்கிறது.

*

தேரிக்காட்டில் ஆடிக் காற்று வீசும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது. அங்குள்ள செம்மணலே காற்று கொண்டுவந்து குவித்ததுதான், கேமராவுக்குள்ளும் கொண்டுவரும்.

*

எஃப் 2.8இல் தூசியின் புள்ளி படத்தில் தெரிவதில்லை. துளை அகலமாக இருக்கும்போது ஒளி பல கோணங்களில் சாய்ந்து வந்து துகளின் நிழலைக் கரைத்துவிடுகிறது. எஃப் 22இல் ஒளிக்கற்றை ஒடுங்குகிறது. நிழல் விளிம்போடு விழுகிறது. மரமும் கூட்டமும் உள்ள படத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் வானம் வேண்டும். எதுவுமே இல்லாத இடம்தான் இருப்பதைக் காட்டித் தருகிறது. இது எனக்கு இன்னும் அலுக்காத வியப்பு.

*

துகள் இருப்பது சென்சார் மேலல்ல, அதன் முன்னே பதித்த மெல்லிய கண்ணாடியின் மேல். 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1, முன்னாலுள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வால் உலுக்கித் தூசியை உதிர்த்தது. உலர்ந்த தூசி உதிரும். ஈரத்தில் ஒட்டியது உதிராது.

*

சுத்தம் செய்யும் முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும். பாதியில் தீர்ந்தால், திறந்து வைத்த ஷட்டர் வந்து மூடிக்கொள்ளும். கேமராவின் வாயைத் தரை பார்க்கத் திருப்பி, ரப்பர் ப்ளோயரால் ஊதுகிறேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். படத்தில் மேலே இடப்பக்கம் தெரியும் புள்ளி, சென்சாரை முன்னாலிருந்து பார்க்கையில் கீழே இடப்பக்கம் இருக்கும்.

*

ஊதியும் போகாததற்கு ஸ்வாப். 24 மில்லிமீட்டர் அகலம், நுனியில் ஓரிரு துளி திரவம். ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது. ஸ்வாபின் பின்னாலேயே ஈரத் தடம் ஒன்று பளபளத்து, ஊதாவும் பச்சையுமாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடுகிறது. மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. அவ்வளவுதான். முன்னும் பின்னும் தேய்க்கத் துடிக்கும் கையை அடக்குவதே இதில் பெரிய வேலை.

*

மூலையில் ஒன்று மிச்சம். எஃப் 8இல் தெரியவில்லை. அதற்காக இன்னொரு தடவை அந்தக் கண்ணாடியைத் தொட எனக்கு மனமில்லை. தெருவிலும் திருவிழாவிலும் எஃப் 8ஐத் தாண்டிப் போவதே அபூர்வம்.