நொடிக்கு 3 மீட்டர்

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு இருப்பது சிறுவயதிலேயே தெரிந்துவிட்டது. வகுப்பில் ஓரிடத்தில் இருக்க மாட்டான். இவனால் எதிலுமே மனம் ஊன்ற முடியாது என்று ஓர் ஆசிரியை கைவிரித்தார்.

அம்மா டெபியும் ஆசிரியைதான். பையனை விட்டுவிட்டுப் பாடத்தை மாற்றினார். வாசிப்பு பிடிக்காதவனிடம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை நீட்டினார். படத்துக்குக் கீழே உள்ள வரியை மட்டும் படித்தாலும் சரி. கணக்கு டியூஷனில், நொடிக்கு 3 மீட்டர் நீந்தினால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்கச் சொன்னார். (அந்த வேகத்தில் இன்றுவரை எந்த மனிதரும் நீந்தியதில்லை. கணக்குதானே, போகட்டும்!)

வகுப்பில் நெளிந்த அதே பையன், சில நிமிடப் போட்டிக்காக நீச்சல்குளத்தருகே மணிக்கணக்கில் காத்திருப்பான். பின்னாளில் 28 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் 23 தங்கம். எல்லாப் பிள்ளையும் ஃபெல்ப்ஸ் ஆக வேண்டியதில்லை. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆசிரியர்களே, ரேங்க் கார்டில் ‘கவனம் போதாது’ என்று எழுதுமுன், அந்தப் பிள்ளை எதில் தன்னை மறக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.