மனையும் வாயிலும்

சீன தேசத்தார் வீடு கட்டுதற்கு நிலந் தெரியும் முறையைப் பெங்சுயி என்பர். பெங் என்பது காற்று; சுயி என்பது நீர். பின்னே மலை அரணாதல், முன்னே நீர் விளங்குதல், வாயில் தெற்கு நோக்குதல் என்பன அம்முறையிற் சிறந்தனவாகக் கொள்ளப்படும். பனிக்காலத்திலே வடதிசைக் கடுங்காற்று வீசும் வடசீனத்தில், மலை அதனைத் தடுக்கும். தென்வாயில் வெயிலை உள்ளே கொணரும். ஆதலால், இவ்விதி அந்நிலத்துக்குப் பொருந்துவதேயாம். தென் ஆஸ்திரேலியாவிலோ வெயில் வடக்கினின்று வருமாதலின், அங்கே இதனை அவ்வாறே கொள்ளுதல் பேதைமையாம்.

இனி, வாயிலின் திசையே செல்வமும் வறுமையுந் தரும் என்னலாமோவெனின், ஆகாது என்பேம். கி. பி. 27 இற் பிறந்த வாங் சோங் என்னுஞ் சீன அறிஞர், தமது லுன்ஹெங் என்னும் நூலில் இக்கொள்கையை மறுத்தார். அக்காலத்தார் குடிப்பெயர்களை ஐந்து ஓசைகளுள் அடக்கி, இன்ன பெயரினர்க்கு இன்ன திசை வாயில் ஆகாது என்றனர். அரச உத்தியோகத்தர் இல்லங்கள் பல திசை நோக்கியிருப்பவும், அவர் பதவி உயர்தலும் இழத்தலும் அவ்விதிப்படி நிகழ்ந்தில என்பது வாங் சோங் காட்டிய நியாயம்.

திசைமேற் பழியேற்றுவோன் தன் செயலை ஆராயான். அயல்வீட்டுக் கூரைமுனை தன் வாழ்வைக் கெடுத்ததென்று நம்புவோன் அயலானைப் பகைப்பான். நிலந் தெரிதல் அறிவின்பாற்படும். நிலத்துக்கு அஞ்சுதல் அறத்தைக் கெடுக்கும். ஆதலால், உபாத்தியாயர்களே, காற்றும் நீரும் வெயிலும் நாடி மனை தெரிகவென்றும், கேடு வந்துழி வாயிலை வினவுமுன் தம் ஒழுக்கத்தை வினவுகவென்றும் மாணாக்கர்க்கு உரைப்போமாக.