இரண்டும் நல்லவைதான்

நல்லதோடு நல்லதைச் சேர்த்தால் நல்லதுதான் விளையும் என்று நாம் நம்புகிறோம். நல்ல பையன், நல்ல பெண். ஆகவே நல்ல குடும்பம். நல்ல முதலாளி, நல்ல தொழிலாளி. ஆகவே நல்ல ஆலை. பாலும் நல்லது, எலுமிச்சம்பழமும் நல்லது, ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பது அடுக்களையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் நம்பிக்கை அசைவதில்லை. சேர்த்தது கெட்டுப்போனால், "இரண்டில் ஏதோ ஒன்று கெட்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அது எது என்று தேடப் புறப்படுகிறோம்.

பாகங்கள் எல்லாம் நல்லவையாக இருந்து, சேர்ந்த முழுமை மட்டும் கெட்டுவிட்டால் குற்றம் யாருடையது? ஒருவருடையதும் இல்லை என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வி எனக்குள் வலுப்பெறக் காரணம் ஒரு பழைய மோட்டார் கார்.

திருப்பூருக்குப் பக்கத்தில் முதலிபாளையம் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டையும், பின்னலாடைப் படிப்புக்கென்றே ஏற்பட்ட ஒரு கல்லூரியும் உள்ள ஊர். அங்கே பனியன் கம்பெனி நடத்தும் என் நண்பர் ஒருவரிடம், அவருடைய தகப்பனார் வைத்துவிட்டுப் போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் தயாரித்தார்கள். அந்த வண்டியின் சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் அமரும் பந்தயச் சாயலுள்ள காரை டிரையம்ப் கம்பெனி 1962-ல் கொண்டுவந்தது. அதற்கு ஸ்பிட்ஃபயர் என்று பெயர். ஆக, ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள். முன்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏறக்குறைய என்ற இந்தச் சொல்லில்தான் வினை இருந்தது.

நண்பரின் கார் கொஞ்ச காலமாகவே வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் பிடி தளர்ந்தால், எதிரே வரும் லாரியை நோக்கி ஒதுங்கும். காங்கயம் சாலையில் ஓடும் போக்குவரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். ஒரு மெக்கானிக் டயர்களை மாற்றினார். இன்னொருவர் ஸ்டியரிங்மேல் பழி போட்டார். மூன்றாமவர் கெட்டிக்காரர். வலது சக்கரத்தின் கீழ்க்கைக்கும் சட்டத்துக்கும் இடையே சில மெல்லிய தகடுகளைச் செருகினார். வண்டி நேராக ஓடியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில மாதங்களில் இரண்டு முன்டயர்களும் உட்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது.

நான்காவதாக வந்தவர் வயதானவர். இந்த வண்டியின் முன்மூடி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். அவர் டயரின்மேல் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கத்து உயரத்தையும் அளந்தார். இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி, ஒரு பலகையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இடது ஸ்பிரிங் புத்தம் புதியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்தது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு உரியது. வலது ஸ்பிரிங் ஹெரால்டோடு பிறந்தது. இலேசான வண்டியைச் சுமக்கச் செய்த ஸ்பிரிங், கனமான வண்டியின் கீழே அமுங்கிப்போயிருந்தது. அதனால் இடது சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்ந்துவிட்டது.

"ரெண்டுமே நல்ல ஸ்பிரிங்தானுங்க. ஆனா ஜோடி இல்லீங்க" என்றார் அவர்.

பிறகு டிரனியன் என்ற பாகத்தை என்னிடம் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை திருகாணிபோல மரையிடப்பட்டிருக்கும். அந்த மரை போய் உட்காரும் வெண்கலக் குமிழ்தான் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் திரும்புகிறது. இடது, வலது டிரனியன்கள் கையில் எடுத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வலப்பக்கத்துக்கு வழக்கமான மரை. இடப்பக்கத்துக்கு எதிர் மரை. மாற்றிப் போட முயன்றால் ஒரு சுற்றுக்கூட ஏறாது. பிடிவாதமாக முறுக்கினால் மரை அழியுமே தவிர இணங்காது.

இரண்டு பாகங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். டிரனியன் தவறான துணையை வாசலிலேயே மறுத்துவிடுகிறது. ஸ்பிரிங் மறுப்பதில்லை. தன் இடத்தில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது, போல்ட்டும் இறுகுகிறது. அது பொருந்தியதுதான் தொல்லை. பொருந்தாமல் போயிருந்தால் ஒரு கெடுதலும் நேர்ந்திராது. மனிதர்களில் பெரும்பாலோர் ஸ்பிரிங் ஜாதி. எந்த இடத்தில் வைத்தாலும் உட்கார்ந்துகொள்வோம். தவறு தெரிய வருவதற்குள் இரண்டு டயர்கள் தேய்ந்துபோயிருக்கும்.

மூன்றாவது மெக்கானிக்கின் வேலையையும் எண்ணிப் பார்த்தேன். அவர் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டார். இடது சக்கரம் சாய்ந்திருந்தது; நேராக நின்ற வலது சக்கரத்தையும் தகடு வைத்து அதேபோல் சாய்த்துவிட்டார். இழுப்பு நின்றது. இரண்டும் ஒன்றுபோல ஆயின. ஆனால் ஒன்றுபோலக் கோணலாயின. எத்தனை குடும்பங்களில் "சமாதானம்" என்பது இதுதான்! முரட்டு மாமனாருக்கு ஏற்றபடி சாதுவான மருமகள் வளைந்துகொடுக்கிறாள். வீட்டில் சத்தம் இல்லை. பார்ப்பவர்கள் மெச்சுகிறார்கள். தேய்மானம் மட்டும் உட்பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கிழவர் அப்படிச் செய்யவில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் அந்த நூலோடு ஒப்பிட்டார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கொங்கு நாட்டவர் என்று சொல்வார்கள். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புலவனின் நூல் தீர்க்கும் என்ற கருத்தை அவர் பாயிரத்தில் வைத்திருக்கிறார். இருவர் வழக்கில் இருவருக்கும் வெளியே நேராகத் தொங்கும் ஒரு நூல் வேண்டும். அது இல்லாவிட்டால், யார் அதிகம் வளையக்கூடியவரோ அவரே "சரியில்லாதவர்" என்று தீர்ப்பாகிவிடும்.

அன்று மாலையே நண்பரின் கம்பெனியில் ஒரு தகராறு. தைத்து முடித்த ஒரு கட்டு ஆடைகளில் உடம்புத்துணி ஒரு சாய லாட். கைத்துணி வேறொரு லாட். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நீலம். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தால் இரண்டு நீலம். இரண்டு துணியிலும் குறை சொல்ல முடியாது. சாயம் நயமானது, பின்னல் சுத்தமானது. ஆனால் சேர்ந்த ஆடை செகண்ட்ஸ். காதர்பேட்டைக் கடைகளில் கிடைத்த விலைக்குப் போக வேண்டியதுதான். தைத்த பெண்ணின் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் எழுதி வைத்திருந்தார்.

"அவள் பார்த்துத் தைத்திருக்க வேண்டாமா?" என்றார் நண்பர்.

"எந்த வெளிச்சத்தில் பார்ப்பாள்?" என்று கேட்டேன். அவள் எதிரே இருந்தது டியூப்லைட். கட்டிங் மேஜையிலிருந்து வந்த கட்டை அவிழ்த்துத் தைப்பது அவள் வேலை. லாட் எண் எழுதிய சீட்டு அவள் கைக்கு வருவதே இல்லை. சேர்த்தது அவள் ஊசி; சேர்க்கச் சொன்னது வேறொருவர் அவசரம். நண்பர் சிறிது யோசித்துவிட்டு, அந்த வரியை அடித்தார். "இந்தத் தடவை மட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தார். ஒரு வாரக் கூலி ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பது அவருக்கும் தெரியும்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை இருப்பதாகத் தோன்றுகிறது. பாகங்கள் நல்லவையாக இருந்து முழுமை கெட்டால், குற்றம் சேர்க்கையில் இருக்கிறது. சேர்க்கை தானாக நடப்பதில்லை. சேர்த்தவர் ஒருவர் உண்டு. ஆனால் கடைசியாகத் தொட்ட கையைச் சேர்த்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. எவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததோ, எவரால் வெயிலில் பிடித்துப் பார்த்திருக்க முடியுமோ, அவரே சேர்த்தவர். "பையனும் தங்கம், பெண்ணும் தங்கம், என்னவோ காலம் சரியில்லை" என்று பெரியவர்கள் கையை உதறும்போது எனக்குச் சம்மதமாக இருப்பதில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தீர்கள். அந்த இரண்டு பேரையும் அரை மணி நேரம் பேசவிட்டீர்களா? அதற்குக் காலம் பொறுப்பாகாது.

"சேர்த்தாகிவிட்டது; இனி என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பிரிங்கைக் கழற்றுவதுபோல உறவுகளைக் கழற்ற முடியாது. சில சமயம் கழற்றத்தான் வேண்டும். அதையும் வெட்கப்படாமல் செய்ய வேண்டும். மற்ற சமயங்களில் தகடுதான் வழி. தகடு பாவம் அல்ல. அந்த அமைப்பில் தகட்டுக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கத்தில் வைக்கக் கூடாது. வைத்ததை மறைக்கவும் கூடாது. வீட்டில் வளைந்துகொடுப்பவர் யார் என்பதை மற்றவர்கள் அறிந்து சொல்வதே பாதிப் பாரத்தைக் குறைத்துவிடும்.

உடைசலுக்குப் போன வேறொரு ஹெரால்டிலிருந்து இரண்டு பழைய ஸ்பிரிங்குகளைக் கிழவர் தேடிக் கொண்டுவந்து போட்டார், தகடுகளையும் எடுத்துவிட்டார். புதிய ஸ்பிரிங்கை என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். "துடைச்சு எண்ணெய் பூசி வையுங்க. அதுக்கான வண்டி வந்தா நல்லா உழைக்கும்" என்றார் கிழவர். பொருந்தாமல் போனதைக் கெட்டது என்று அவர் சொல்லவே இல்லை.