அபயம் எவ்வாறு பிறக்கிறது?

பெங்களூருவின் ஜெயநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கு வளரும் இளம்பூனை ஒன்று, வாசற்கதவு திறந்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. ஆட்டோவின் இரைச்சலும் தெருநாய்களின் குரைப்பும் அதை நடுங்கச் செய்கின்றன. 'தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டால் தானே பழகிவிடும்' என்கிறார் வீட்டில் ஒருவர். 'வேண்டாம், கடைசிவரை உள்ளேயே இருக்கட்டும்' என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதும் அன்பினால்தான். ஆனால் எந்த அன்பு அதன் அச்சத்தைப் போக்கும்?

தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப், 1940களின் பிற்பகுதியில் பூனைகளைக் கொண்டே அச்சத்தை ஆராய்ந்தார். கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள், பின்னர் அதிர்ச்சி இல்லாதபோதும் அங்கே உண்ண மறுத்தன. அவர் அவற்றுக்கு வேறோர் அறையில் உணவளித்தார்; பின்னர், கூண்டு இருந்த அறையைச் சிறிது ஒத்த அறையில்; இப்படிப் படிப்படியாக நெருங்கியபோது அச்சம் தணிந்தது. வாயற்ற உயிர்களுக்கு மனிதனே அச்சத்தை ஊட்டினான் என்பது வருந்தத்தக்கது. எனினும் அதிலிருந்து 1958இல் அவர் நூலாக வெளியிட்ட சிகிச்சை முறை, எத்தனையோ மனிதர்களின் அச்சத்தைத் தணிக்க உதவியது.

அந்த இளம்பூனைக்கும் வழி இதுவே. தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்தபின், வலையடித்த பால்கனியோ சுற்றுச்சுவருள்ள கொல்லையோ போதும். தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில், உணவு வேளைக்குச் சற்று முன் கதவைத் திறந்து வைக்கலாம். உணவுத் தட்டை முதல் நாள் வாசலுக்கு உட்புறமும், சில நாள் கழித்துப் படியிலும் வைக்கலாம். அருகில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். பூனை திரும்பி ஓடினால் தடுக்கக் கூடாது. திரும்பும் வழி திறந்திருக்கிறது என்று அறிந்த உயிரே அடுத்த அடியை எடுத்து வைக்கும்.

தென்கலை வைணவர்கள் இறையருளுக்குத் தாய்ப்பூனையை உவமை சொல்வர். குட்டி ஒன்றும் செய்யாமலே தாய் அதைக் கவ்விச் சென்று காக்கிறது. ஆனால் அந்தத் தாயும் குட்டி வளர்ந்தபின் கவ்வித் தூக்குவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் குட்டி தன் கால்களால்தான் நடக்க வேண்டும். எல்லாம் அறிந்த இறைவன் உயிரைச் சுமக்கலாம். பிற உயிரின் மனத்தை முற்றும் அறியாத மனிதன், அதன் விருப்பத்திற்கு மாறாகத் தூக்கிச் செல்வது அருள் ஆகாது.

வெளியே தள்ளுவதில் பொறுமையின்மை ஒளிந்திருக்கிறது. பூட்டி வைப்பதில் காப்பவரின் சொந்த அச்சம் ஒளிந்திருக்கிறது. முதன்முறை பள்ளிக்குச் செல்லும் குழந்தையிடத்தும், நோயிலிருந்து எழுந்து நடக்கத் தயங்கும் முதியவரிடத்தும் இவ்விரண்டு தவறுகளும் நிகழ்கின்றன.

எல்லா முயற்சிக்குப் பின்னும் அந்தப் பூனை சன்னலோரமே போதும் என்று இருந்துவிடலாம். அதை ஏற்பதும் அன்பே. கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை அடுக்கும்போது அபயத்தையே முதலில் வைக்கிறது. ஒருவர் அதைப் பிறருக்குள் திணிக்க முடியாது. அது தானே பிறக்கும்வரை, கதவைத் திறந்து வைத்து அருகில் காத்திருக்க முடியும்.