ஏழு எழுத்துகளின் முன்

எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் பையிலிருந்து ஏழு எழுத்துகளை எடுத்ததுமே மனம் ஆசைப்படத் தொடங்கிவிடுகிறது. ஓர் எஸ் வந்திருக்கலாம், இந்த வி வராமல் இருந்திருக்கலாம். இல்லாததை எண்ணிக்கொண்டிருக்கும்வரை இருப்பது கண்ணில் படுவதே இல்லை.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர், சொல் தேடும் முன்பு எழுத்துகளை ஏ முதல் இசட் வரையான வரிசையில் அடுக்கிப் பழகுகிறார்கள். ஏ, இ, ஐ, என், ஆர், டி என்று வைத்தால் அது எந்தச் சொல்லும் இல்லை. அதனாலேயே எந்தப் பக்கமும் சாயாமல் பார்க்க முடிகிறது. விழித்திரையைக் குறிக்கும் ‘ரெட்டினா’வும், தக்கவைத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘ரீட்டெய்ன்’ என்ற சொல்லும் இந்த ஆறு எழுத்துகளுக்குள்தான் இருக்கின்றன. ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியில் மற்றொன்றைத் தவறவிடுவது எளிது. மறுபடி கலைத்து, மறுபடி வரிசையில் வைக்க வேண்டியிருக்கிறது.

*

இந்த ஆட்டமே ஒருவருடைய பொறுமையிலிருந்து வந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரெட் மோஷர் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். ஆட்டத்தின் 100 காய்களில் இன்றும் அந்த உழைப்பு தெரிகிறது. இ எழுத்துக்கு 12, ஏ, ஐ இரண்டுக்கும் தலா 9, ஓ எழுத்துக்கு 8. கியூவுக்கும் இசட்டுக்கும் தலா ஒன்றே ஒன்று. எஸ்ஸுக்கு நான்குதான். சொல்லின் வாலில் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிவிடும் எளிய வழியை அவர் சுருக்கிவைத்தார். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல்தான் வந்தது. அதுவரை பெரிதாக எவரும் வாங்காத ஒன்றை அவர் கைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு மரியாதை பெருகுகிறது.

*

எச் என்ற எழுத்தைக் கவனித்தேன். ஆங்கிலப் பக்கம் எதைத் திறந்தாலும் அது நிறைந்து கிடக்கிறது. ஆட்டத்திலோ இரண்டே காய்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி. ‘த’, ‘தட்’, ‘ஹி’ போன்ற சில சொற்கள் ஓயாமல் திரும்ப வருவதால்தான் பக்கத்தில் அது அவ்வளவு மிகுதி. சொற்களை ஒருமுறை மட்டும் எழுதிப் பட்டியலிட்டால் அதன் பங்கு குறைந்துவிடுகிறது. அடிக்கடி கண்ணில் படுவதைப் பரவலானது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. எழுத்துக்கு மட்டுமா இது பொருந்துகிறது?

*

கியூ வந்தால் யு வரும்வரை காத்திருப்பது தொடக்கக்காரர் வழக்கம். காத்திருக்கத் தேவையில்லை. பக்கீரும் நிகாபும் தலாக்கும் ஆங்கில அகராதியில் யு இல்லாத கியூவுடன் எழுதப்படுகின்றன, அரபியிலிருந்து வந்தவை. சீனத்திலிருந்து வந்த, உயிராற்றலைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல் ஒன்று, கியூவும் ஐயும் மட்டும் கொண்டது, எத்தனையோ ஆட்டங்களைக் காப்பாற்றியிருக்கிறது. சி, டபிள்யூ, எம் என்று உயிரெழுத்தே இல்லாமல் நிற்கும் மலைப்பள்ளத்துக்கான சொல் வெல்ஷ் மொழியின் கொடை. அங்கே டபிள்யூவே உயிரெழுத்தாக ஒலிக்கும். வேற்றுமொழிகளிலிருந்து வந்தவைதான் நெருக்கடியில் வழிவிடுகின்றன.

*

வேர்டில் வேறொரு பாடம் தருகிறது. ஜாஷ் வார்டில் தன் துணைக்காக உருவாக்கி, 2021இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஆட்டம். ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறிடத்தில் இருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். பச்சையும் மஞ்சளும் மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் வேலையில் பெரும்பங்கு சாம்பலுடையது. இது இல்லை, இதுவும் இல்லை என்று விலக்க விலக்கத்தான் மிச்சம் தெளிகிறது. முதல் முயற்சியில் ஐந்தும் சாம்பலானால் நான் இப்போது சோர்வதில்லை. ஐந்து எழுத்துகளைப் பற்றிய ஐயம் ஒரே நொடியில் தீர்ந்துவிட்டதே!

*

நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சில வாரங்களில் அந்தச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றியிருந்தார். பொருளை முழுவதும் கழற்றிவிட்டு எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கும் அந்தக் கவனம் வியக்கவைக்கிறது. என் வழி அதுவன்று. பலகையில் வைத்த சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால், ஆட்டம் முடிந்ததும் அகராதியைத் திறக்கிறேன். எழுத்து கொண்டுவந்து விட்ட வாசலுக்குள் நுழையாமல் திரும்ப மனம் வருவதில்லை.

*

எழுத்துகளைக் கொடுத்தால் கணினி எல்லாச் சொற்களையும் இமைப்பொழுதில் கொட்டிவிடும். சொற்கள் மட்டும் போதுமென்றால் அதுவே போதும். ஆனால் தேடும்போது நடப்பது வேறு. நாம் விரும்பிய சொல் கைநழுவுகிறது, பிடிவாதம் தளர்கிறது, அதற்குப் பிறகே அங்கிருந்த சொல் தெரிகிறது. இந்தத் தளர்வு விடையோடு சேர்ந்து கிடைப்பதில்லை, தேடியவருக்கே கிடைக்கிறது.

நல்ல ஆட்டக்காரர் ஒரு சொல்லை வைக்கும்முன் கையில் எஞ்சும் எழுத்துகளையும் எடைபோடுவார். இப்போது கிடைக்கும் சில புள்ளிகளை விட்டுக்கொடுத்து, ஓர் ‘இ’யையும், ஓர் ஆரையும், ஓர் எஸ்ஸையும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார். அடுத்து என்ன எழுத்து வரும் என்பது அவர் கையில் இல்லை. வருவதோடு சேரக்கூடியதை மிச்சம் வைப்பது அவர் கையில் இருக்கிறது. இந்த ஆட்டத்திடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவது இதைத்தான்.