பதரும் மணியும்

காவிரிப் படுகையின் நெல்வயலில் பாறை எளிதில் அகப்படாது. ஆறு கொணர்ந்து குவித்த வண்டலே நம் மண். ஆயினும் 1898இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் பாறைகளையே கற்று, 1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார்.

இம்மண்ணின் மாணவர் ஒருவர் எரிமலைப் பாறையைப் பற்றி முதன்முறையாகத் தனியே ஆய்வு செய்கிறார் எனக் கொள்வோம். பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒளி அதனுள் ஊடுருவும். நுண்ணோக்கியில் படிகங்கள் தெரியும். ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தவை பெரியவை. வெளியே வழிந்து விரைவில் குளிர்ந்தவை சிறியவை. பாறை தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. பத்துத் தகடுகளுள் எட்டு அவர் எதிர்பார்த்ததைக் காட்டுகின்றன, இரண்டு மறுக்கின்றன. அறிக்கை தரும் நாளோ நெருங்குகிறது. அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யாகாது. அவ்வாறாயின், சொல்லாமல் விடுவது பொய்யாகுமா?

இவ்வினா எளிதன்று. மழையும் காற்றும் சிதைத்த பாறைத் துண்டை நீக்குவது ஆய்வு நெறியே. களத்துமேட்டில் நாமும் பதரை நீக்குகிறோம். ஆனால், தூற்றும்போது மணியையும் பதரையும் பிரிப்பது காற்று. நம் விருப்பம் அன்று. கனமே அங்கு அளவுகோல். அது தூற்றுவதற்கு முன்பே அமைந்தது. முடிவைக் கண்டபின், நமக்கு ஒவ்வாததற்குப் பதர் என்று பெயரிட்டால், நாம் தூற்றவில்லை, மறைக்கிறோம். பொய் சொல்லில் மட்டுமன்று, தெரிவிலும் குடிகொள்ளும்.

நிலவியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரும் பின்னர் ஆயருமான டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டீனோ, 1665இல் பாரிசில் அறிஞர்முன் மூளையைப் பற்றி உரையாற்றியபோது, அதைப்பற்றித் தாம் ஒன்றும் அறியார் என்றே தொடங்கினார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

பழியை மாணவர்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. கடன்பட்டுப் படிக்க அனுப்பிவிட்டு, 'என்ன கண்டாய்?' என்று கேளாமல் 'எத்தனை மதிப்பெண்?' என்று மட்டும் கேட்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

தனியே செய்யும் ஆய்வு, எவருக்கும் கட்டுப்படாத ஆய்வு அன்று; எவரும் பாராத இடத்திலும் மனச்சான்றுக்குக் கட்டுப்பட்ட ஆய்வு. மறுத்த இரு தகடுகளையும் அறிக்கையில் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையலாம். ஆனால் அவ்விரண்டிலிருந்தே இன்னொருவரின் ஆய்வு தொடங்கக்கூடும்.